இருபத்தெட்டு நாள் யாரும் நுழையாத நாடு

மருத்துவமனையின் மருந்து ஸ்டோரில் இருபத்திரண்டு வருடமாக வேலை பார்ப்பவரை எல்லோரும் ஸ்டோரக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். ஒருமுறை பெரிய டாக்டர் அவருடைய சொந்தப் பெயரைச் சொல்லி அழைத்தார். வேறு யாரையோ கூப்பிடுகிறார் என்று நினைத்து அக்கா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஸ்டோர் ஒரு நீளமான அறை. நான்கு இரும்பு அலமாரி, ஒரு குளிர்பெட்டி, கால் ஆடும் ஸ்டூல். சுவரோரம் ஒரு சின்ன பீரோ, அதற்கு இரண்டு பூட்டு. கடும் வலிக்குப் போடுகிற ஊசி மருந்துகள் அதற்குள் இருந்தன. ஒரு சாவி அக்காவிடம், இன்னொன்று தலைமை நர்ஸிடம். ஒரு மின்விசிறியை எந்தப் பக்கம் திருப்புவது என்ற விவகாரத்தில் இருவருக்கும் பதினோரு வருடமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. ஒருவர் வந்து நிற்பார், மற்றவர் எழுந்து வருவார், இரண்டு பூட்டும் திறக்கும், இரண்டு பூட்டும் மூடும். புதிதாக வந்த நிர்வாகி பதறிப்போய் யாரையாவது மாற்றிவிடலாமா என்று கேட்டார். ஓய்வுபெறும் நாளில் இருந்த பழைய நிர்வாகி சொன்னார்:

"ரெண்டு பேரும் சேர்ந்து டீ குடிக்க ஆரம்பிச்சா சொல்லுங்க. அன்னைக்கு மாத்திக்கலாம்."

முட்டி ஆபரேஷன் செய்துகொண்டு இரண்டு மாதம் வீட்டில் கிடந்தபோதுதான் அக்கா அந்த விளையாட்டுக்குள் நுழைந்தார். இணையத்தில் ஆளுக்கொரு நாட்டை உண்டாக்கி ஆளும் விளையாட்டு. பல ஊர்களில் இருக்கும் முந்நூறு பேர், முந்நூறு நாடுகள். அக்காவின் நாட்டுக்கு மணல்மேடு என்று பெயர். வரி போட வேண்டும், இரும்பு வெட்ட வேண்டும், கப்பல் வாங்க வேண்டும். கப்பல் இல்லாத நாடு எதையும் விற்க முடியாது. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. விதிப்பக்கத்தை மருந்துச் சீட்டு படிப்பதுபோல் வரிவரியாகப் படித்து, பழைய நோட்டு ஒன்றில் கோடு போட்டுக் கற்றுக்கொண்டார்.

மாடியில் குடியிருந்த நாத்தனாருக்கு இது தினசரிப் பொழுதுபோக்கு.

"அண்ணி, உங்க நாட்டுல என்ன விளையுது?"

"இரும்பு."

"அப்போ ஜனங்களுக்குச் சாப்பாடு ஆணியா?"

"இரும்ப வித்து நெல்லு வாங்குறேன். நீ வாங்கின கைமாத்தத் திருப்பிக் குடு, எங்க நாட்டு ஆணியில ரெண்டு உனக்கும் தரேன்."

நாத்தனார் படியேறிப் போய்விட்டாள்.

முந்நூறு நாடுகளுக்கும் பொதுவாக உலகப் பேரவை என்று ஒன்று இருந்தது. நூறு பொன் சம்பாதித்தால் ஐந்து பொன் பேரவைக்கு. மூன்றாம் வருடம் அக்காவைப் பேரவையின் பொருளாளர் ஆக்கினார்கள். ஆக்கியபோது கஜானாவில் நாற்பது லட்சம் பொன் இருந்தது.

அந்தப் பொன்தான் வினை. தேர்தலுக்குத் தேர்தல் யாராவது ஒருவர், "என்னைத் தலைவராக்குங்க, கஜானாவை எல்லாருக்கும் பிரிச்சுத் தரேன்" என்று ஜெயிப்பார். பிரித்தும் கொடுப்பார். மறுவாரமே கப்பல் விலை இரட்டிப்பாகும். இரண்டாயிரம் பொன்னுக்கு விற்ற கப்பல் அறுபதாயிரத்தில் வந்து நின்றது. புதிதாகச் சேருபவருக்கு விளையாட்டு கொடுப்பது ஐயாயிரம் பொன். அதை வைத்துக்கொண்டு ஒரு வாரம் கரையில் நின்று பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். ஆள் வராத விளையாட்டை நடத்துகிறவர்கள் மூடிவிடுவார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். மணல்மேடும் அதோடு போகும்.

அக்கா பேரவையில் எழுதினார்: "இந்தப் பொன்ன யாருக்கும் குடுக்கவேண்டாம். அழிச்சிடலாம்."

செங்கோட்டை என்ற பெரிய நாட்டை ஆண்டவரைக் கோட்டையார் என்பார்கள். அடுத்த தலைவர் தேர்தலில் நிற்க இருந்தவர். அவர் குதித்தார். "அழிக்கிறதா? ஏன்மா, உங்க வீட்டுல காசு மிஞ்சினா அடுப்புல போடுவீங்களா?"

"காலாவதியான மருந்த மூலையில வச்சா, என்னைக்காவது ஒருத்தன் எடுத்து யாருக்காவது போட்டுடுவான். உடைச்சுக் கொட்டினாத்தான் கழிஞ்சது. இதுவும் அப்படித்தான்."

ஓட்டெடுப்பில் அறுபத்தொன்றுக்கு ஐம்பத்தெட்டு. அக்கா பக்கம் மூன்று ஓட்டு கூடுதல்.

ஆனால் அந்த விளையாட்டில் பொன்னை அழிக்கப் பொத்தான் கிடையாது. யாருக்காவது கொடுக்கத்தான் முடியும். அக்கா விதிப்பக்கத்தை மறுபடி படித்தார். ஆள்பவர் இருபத்தெட்டு நாள் உள்ளே வராத நாடு, அதன் பொன்னோடு சேர்த்து அழிந்துவிடும் என்று ஒரு வரி இருந்தது. அது போதும். ஆளில்லாநாடு என்று புதிதாக ஒன்றை உண்டாக்கி, நாற்பது லட்சத்தையும் அதற்கு மாற்றி, வெளியே வந்தார். இனி செய்ய வேண்டியது, உள்ளே போகாமல் இருப்பது. ஏதாவது தவறு நடந்தால் மீட்க வழி வேண்டும் என்று பேரவை கேட்டதால், கடவுச்சொல் அக்காவிடமே இருந்தது.

ஒவ்வொரு நாட்டின் பக்கத்திலும் மேலே ஒரு வரி இருக்கும்: 'கடைசியாக ஆள் வந்தது, இத்தனை நாள் முன்பு.' முந்நூறு பேரும் காலையில் எழுந்ததும் ஆளில்லாநாட்டின் அந்த எண்ணைத்தான் பார்த்தார்கள். எண் ஏற ஏறக் கப்பல் விலை இறங்கியது. இனிமேல் பிரித்துக் கொடுக்கப் பொன் இருக்காது என்று நம்பியவர்கள் பதுக்கி வைத்திருந்த கப்பல்களைச் சந்தைக்குக் கொண்டுவந்தார்கள். ஐந்தாம் நாள் ஐம்பத்தைந்தாயிரம். பதினெட்டாம் நாள் நாற்பதாயிரம். இருபத்துநான்காம் நாள் முப்பத்தோராயிரம். அக்கா சமையலறைக் காலண்டரில் தினமும் ஒரு கோடு போட்டுவந்தார். ஒரு பெண்மணியின் சொல்லை நம்பி ஓர் உலகம் விலை போட்டுக்கொண்டிருந்தது.

அக்காவின் வீட்டுக்காரர் லிப்ட் மெக்கானிக். அதிகம் பேசாத மனிதர். அன்று அவருக்கு விடுமுறை, அக்காவுக்கு டியூட்டி. கம்ப்யூட்டர் திறந்தே கிடந்தது. அதில் ஒரு மின்னஞ்சல் வந்து நின்றது: 'உங்கள் நாடு இன்னும் நான்கு நாளில் நிரந்தரமாக அழிந்துவிடும். காப்பாற்ற உடனே உள்ளே வரவும்.'

மூன்று வருடமாக மனைவி அந்தப் பெட்டியின் முன்னால் உட்கார்ந்து இரும்பு வெட்டியதைப் பார்த்தவர் அவர். டியூட்டி அலைச்சலில் மறந்துவிட்டாள் போலிருக்கிறது என்று நினைத்தார். மின்னஞ்சலில் இருந்த சுட்டியைத் தட்டினார். அக்கா எப்போதோ கம்ப்யூட்டரிலேயே கடவுச்சொல்லைச் சேமித்து வைத்திருந்ததால் அது தானாக விழுந்தது. உள்ளே போய்விட்டார்.

அக்கா வீட்டுக்குள் நுழைந்ததுமே வீட்டுக்காரர் சொன்னார்: "உன் நாடு போக இருந்துச்சு. நான் காப்பாத்திட்டேன்."

"எந்த நாட்ட?"

"ஆளில்லா... என்னமோ."

அக்கா கைப்பையை வைக்காமலே போய்ப் பார்த்தார். 'கடைசியாக ஆள் வந்தது: இன்று.' கப்பல் எழுபதாயிரம். பேரவையில் கோட்டையார் எழுதியிருந்தார்: "பாத்தீங்களா? இருபத்துநாலு நாள் பொறுத்த அம்மாவுக்கு நாற்பது லட்சம் கண்ணுல நிக்குது. எட்டிப் பாத்துட்டாங்க."

கீழே நூற்றுப்பத்து பேர் எழுதியிருந்தார்கள். படிக்கும்படியாக ஒன்றும் இல்லை.

விஷயம் புரிந்ததும் வீட்டுக்காரர் பதறினார். "நான்தான் அமுக்கினேன்னு எழுதிடு. விவரம் தெரியாத ஆளுன்னு எழுது. உண்மைதானே?"

"நீங்க அமுக்கினது நல்ல மனசுல. சாவியப் பூட்டுலயே விட்டுட்டுப் போனது நான்."

மருந்து பீரோவுக்கு இரண்டு சாவி வேண்டும் என்பதில் இருபத்திரண்டு வருடம் விட்டுக்கொடுக்காதவர், தன்னை மட்டும் நம்பி ஒற்றைச் சாவி போதும் என்று இருந்துவிட்டார். அவர் செய்த பிழை அதுதான். பிழை தெரிந்த பிறகு அதைச் சுற்றிச் சுற்றி வந்து நிற்கிற ஆள் அவர் இல்லை. உட்கார்ந்து எழுதினார்:

"நாட்ட என் வீட்டுல இருந்துதான் திறந்திருக்காங்க. ஒரு பொன்னும் எடுக்கல, பாத்துக்கோங்க. திறந்தது யாருன்னு கேக்காதீங்க. சாவி என் பொறுப்புல இருந்துச்சு, அதனால தப்பு என்னுது. நாளைக்கு மறுபடி முதல் நாள்ல இருந்து ஆரம்பிக்கலாம். இந்த தடவ கடவுச்சொல் கோட்டையார்கிட்ட இருக்கட்டும். அவரே புதுசா மாத்திக்கட்டும். ஆனா உள்ள போறப்போ ஆறு எண் கேக்குற ஏற்பாட்டையும் இப்போ புதுசா போட்டுடுறேன், அந்த எண் என் போனுக்குத்தான் வரும். நான் இல்லாம அவர் போக முடியாது. அவர் இல்லாம நான் போக முடியாது."

கோட்டையார் எழுதினார்: "ஊர்ல இவ்வளவு பேர் இருக்க, எதுக்கு என்னையப் பிடிக்கிறீங்க?"

"உங்களுக்கு என்னப் பிடிக்காது. அதனாலதான்."

மறுநாள் சந்தை கொஞ்சம் யோசித்தது. கப்பல் எழுபதாயிரத்திலேயே நின்றது. ஐந்தாம் நாள் அறுபத்தெட்டு, பத்தாம் நாள் அறுபத்தாறு. ஒருமுறை கையைச் சுட்டுக்கொண்டவர்கள் அவ்வளவு சுலபமாகப் பதுக்கியதை வெளியே எடுக்கவில்லை. பேரவையில் அக்காவைப் பொறுப்பிலிருந்து வாக்களித்து இறக்க வேண்டும் என்று ஒரு தீர்மானம் வந்தது. இருபத்தெட்டாம் நாள் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைத்தார்கள். வீட்டில் வீட்டுக்காரர் கம்ப்யூட்டர் இருக்கும் அறைக்குள்ளேயே வருவதில்லை. சட்டை எடுக்க வேண்டுமானால் வாசலில் நின்று, "அந்த நீலச் சட்டைய எடுத்துக் குடேன்" என்பார்.

"உள்ள வாங்க. கடிக்காது."

"வேண்டாம்மா. நான் காப்பாத்தினது போதும்."

பத்தொன்பதாம் நாள் மதியம். ஸ்டோரில் புதுச் சரக்கு இறங்கிக்கொண்டிருந்தது. ஊசி மருந்துப் பெட்டிகளை அக்கா எண்ணிக்கொண்டிருந்தபோது போன் அதிர்ந்தது. ஆறு எண்கள். ஆளில்லாநாட்டின் வாசலில் யாரோ நிற்கிறார்கள். கடவுச்சொல் தெரிந்தவர் ஒருவர்தான்.

ஒரு நிமிடத்தில் கோட்டையாரின் செய்தி வந்தது: "எண் வந்துச்சா?"

"வந்துச்சு."

"குடுங்க. சும்மா பாத்துட்டு வந்துடுறேன். உங்களுக்கும் எனக்கும் ஆளுக்குப் பாதின்னாலும் சரி."

அக்கா அந்த ஆறு எண்களை அழித்தார். பிறகு பெட்டிகளை முதலிலிருந்து எண்ண வேண்டியதாயிற்று. அவருக்கு எரிச்சல் அதில்தான். பதில் எழுதவில்லை.

மாலையில் பேரவையில் கோட்டையார் எல்லோரும் பார்க்கும்படி எழுதினார்: "இன்னைக்கு மதியம் நான் உள்ள போக முயற்சி பண்ணேன். ஆசை காட்டியும் பாத்தேன். அதுக்கு அந்தம்மா ஒரு எழுத்துக்கூடப் பதில் போடல. தகவலுக்காகச் சொல்றேன்."

சோதித்தாரா, உண்மையாகவே கேட்டாரா என்று அக்கா கடைசிவரை கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவர் சோதித்தேன் என்றுதான் சொல்லியிருப்பார். ஆனால் ஆளில்லாநாட்டின் எண் மறுபடி 'இன்று' ஆகவில்லை, பத்தொன்பதாகவே இருந்தது. அதை முந்நூறு பேரும் பார்த்தார்கள். பூட்டை ஒருவர் ஆட்டிப் பார்த்து, அது திறக்கவில்லை என்று எதிரியே ஊருக்குச் சொன்னபிறகு வேறென்ன சாட்சி வேண்டும். அன்று இரவுக்குள் கப்பல் ஐம்பதாயிரத்துக்கு வந்தது. இருபத்தைந்தாம் நாள் இருபதாயிரம்.

இருபத்தெட்டாம் நாள் முடிந்த காலையில் அக்கா டியூட்டிக்குக் கிளம்பும் முன் ஆளில்லாநாட்டின் பக்கத்தைத் திறந்தார். 'இப்படி ஒரு நாடு இல்லை' என்று வந்தது. கப்பல் பதினோராயிரம். முந்தின வாரம் சேர்ந்த யாரோ ஒருவர், தன் நாட்டுக்கு இன்னும் கொடிகூட வரையாதவர், இரண்டு பேரிடம் கடன் வாங்கித் தன் முதல் கப்பலை வாங்கியிருந்தார். அக்காவை இறக்கும் தீர்மானத்தை யாரும் எடுக்கவில்லை.

வீட்டுக்காரர் வாசலில் நின்று எட்டிப் பார்த்தார். "போயிடுச்சா?"

"போயிடுச்சு."

"வாழ்த்து சொல்லணுமா, துக்கம் கேக்கணுமா?"

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்து, "உள்ள வந்து உட்காருங்க" என்றார். "அழிச்ச சரக்குக்கு ரெண்டு சாட்சி கையெழுத்து வேணும். ஒண்ணு கோட்டையார் போட்டுட்டார்."

வீட்டுக்காரர் தயங்கித் தயங்கி நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். பேரவையின் பதிவேட்டில் ஒற்றை விரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினார்: 'சாட்சி: லிப்ட் மெக்கானிக்.' தட்டி முடித்ததும், எதையாவது கெடுத்துவிடுவோமோ என்று இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டார்.

உடனே கோட்டையாரிடமிருந்து கேள்வி வந்தது: "யாரு இவர்? அன்னைக்குத் திறந்தது இவர்தானா?"

அக்கா எழுதினார்: "சாவி என்கிட்ட இருந்துச்சு." கம்ப்யூட்டரை மூடிவிட்டு, தலைமை நர்ஸுக்கு முன்னால் போய்ச் சேர வேண்டும் என்று வேகமாக வாசற்படி இறங்கினார்.