குடைத்துணியில் பறந்த மதியம்

பினாங்குக் கடற்கரையில் என் மகள் பறந்தாள். மோட்டார் படகு ஒன்று முன்னால் ஓட, நீளக் கயிற்றின் மறுமுனையில் பெரிய வண்ணக் குடை விரிந்து அவளைத் தூக்கிக்கொண்டு ஹோட்டல் மாடிகளுக்கும் மேலே போனது. கால் மணி நேரம் நகரத்தைச் சுற்றிக் காட்டிவிட்டு மணலில் கொண்டுவந்து இறக்கினார்கள். இறங்கியவள் நேரே என்னிடம் வந்து, "நான் கையைக் கையை ஆட்டினேன், நீங்க என்னைப் பாக்கவே இல்லம்மா" என்றாள். உண்மைதான். அவள் மேலே இருந்த நேரம் முழுதும் நான் கரையில் நின்றவர்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். யார் கையில் என்ன இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அதை எப்படிச் சொல்வது? "வெயில் கண்ணுல அடிச்சுச்சு" என்றேன். அந்தப் பதில் என்னுடையதல்ல, என் அம்மாவுடையது.

நானும் ஒருமுறை பறந்திருக்கிறேன். ஒன்பது வயதில், கோலசிலாங்கூர்க் கரையில். அன்று லோரியில் வந்திருந்த எங்கள் தோட்டத்து ஆட்கள் அத்தனை பேரும் அண்ணாந்து பார்த்தார்கள். அம்மா மட்டும் பார்க்கவில்லை. பார்க்காததோடு போகவில்லை, எனக்கு முதுகையும் காட்டிக்கொண்டு நின்றாள். எனக்குக் கோபம் சீக்கிரம் வராது, வந்தால் லேசில் போகாது. இந்தக் கோபம் முப்பது வருஷம் இருந்தது.

அப்போது மலாயாவில் அவசரகாலம், வெள்ளைக்காரச் சர்க்காருக்கும் காட்டில் ஒளிந்திருந்த கம்யூனிஸ்டுகளுக்கும் சண்டை. பத்தாங் பெர்ஜுந்தாய்க்குப் பக்கத்தில் எங்கள் தோட்டம். நாங்கள் வரிசையாகக் குடியிருந்த லயங்களைச் சுற்றி இரண்டு வரிசை முள்வேலி போட்டிருந்தார்கள். உள்ளே வரவும் வெளியே போகவும் ஒரே வாசல். ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போகிறவர்களை அந்த வாசலில் நிறுத்தி, ஆண்களை ஆணும் பெண்களைப் பெண்ணுமாகத் தடவிப் பார்த்து அனுப்புவார்கள். அவர்கள் தேடியது அரிசி. ஒரு பிடி அரிசி வெளியே போனாலும் அது காட்டுக்காரர்களின் வயிற்றுக்குப் போகும் என்பது சர்க்காரின் பயம். சோறாக்கிக் கட்டிக்கொண்டு போகவும் தடை. பெண்களின் கொண்டையைக்கூட அவிழ்த்துப் பார்ப்பார்கள்.

அவர்களைத் தேடிக் காட்டுக்குள் போன சர்க்கார் பட்டாளத்துக்கு விமானத்திலிருந்து சாப்பாட்டுப் பெட்டிகளைக் குடையில் கட்டிப் போடுவது வழக்கம். ஒரு நாள் காற்றில் வழிதவறிய குடை ஒன்று எங்கள் ரப்பர் மரங்களின் மேல் வந்து விழுந்தது. அதை முதலில் பார்த்தவர் என் மாமா, அம்மாவின் தம்பி. ரப்பர் புகைபோடும் கொட்டகையில் வேலை, இருபத்திரண்டு வயது. எதைக் கண்டாலும் அதை இன்னொன்றாக மாற்றாவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது. சைக்கிள் டியூப்பில் தண்ணீர்க் குழாய் செய்தார், பிஸ்கட் டின்னில் பாட்டுப்பெட்டி செய்யப் பார்த்தார். அப்படிப்பட்டவர் கையில் வானமே ஒரு பொருளைப் போட்டால் சும்மா இருப்பாரா?

வானத்திலிருந்து எது விழுந்தாலும் போலீஸ் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும் என்று தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி, வேலைக்குப் பேர் கூப்பிடும் காலைப் பெரட்டில் எல்லோரையும் நிற்க வைத்துப் படித்துக் காட்டியிருந்தார். அதோடு இன்னொன்றும் படித்தார். வெள்ளைத் துணி காட்டுவது, தீ மூட்டுவது, இப்படிக் காட்டுக்கு ஜாடை காட்டுகிறவன் யாராக இருந்தாலும் சுடப்படுவான். மாமா பெட்டியைத் தோளில் சுமந்துபோய் ஒப்படைத்தார். அதிகாரி முதுகில் தட்டிக்கொடுத்தாராம். குடைத்துணியைப் பற்றி அவர் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை.

அம்மாவுக்கு அந்தத் துணியின் மேல் ஒரு கண். பழுப்பேறாத வெள்ளை, நல்ல நெருக்கமான நெசவு. "எனக்கு ரெண்டு ரவிக்க, பாப்பாவுக்கு ஒரு பாவாட. மிச்சத்த ஒளிச்சு வச்சுக்க" என்றாள். மாமா சரி சரி என்று தலையாட்டினார். பந்துத் திடலில் ஒருநாள் அந்தத் துணிக்குள் காற்று புகுந்து அவரை லாலாங் புல்லின் மேல் இருபது முழம் இழுத்துக்கொண்டு போயிருந்தது. சட்டை கிழிந்து, முழங்கை தோலுரிந்து, முகமெல்லாம் சிரிப்பாக வந்து நின்றார். அன்றே அம்மாவின் ரவிக்கைகள் போய்விட்டன என்று இப்போது எனக்குப் புரிகிறது.

சித்திரை வருஷப் பிறப்புக்கு மறுநாள் தோட்டத்துத் தொரை விடுமுறை கொடுத்து ஒரு லோரியும் கொடுத்தார். கடற்கரைக்குப் போய்வர முப்பத்திரண்டு பேருக்கு அனுமதிச் சீட்டு, அது எங்களை வேலை வாங்கும் மண்டோர் கையில். வாசலில் எங்களை இறக்கித் தலை எண்ணினார்கள். பாத்திரங்களைக் கவிழ்த்தார்கள், என் பாவாடை நாடாவைக்கூட நிமிண்டிப் பார்த்தார்கள். ஒரு மணி அரிசி கிடைக்கவில்லை. லோரிப் பலகையில் நாங்கள் உட்கார விரித்திருந்த தடித்த வெள்ளைத் துணியை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. "நெழலுக்குக் கட்டத்தான்" என்று மாமா அம்மாவிடம் சொல்லியிருந்தார்.

ஆற்று முகத்துக்குத் தெற்கே சிப்பி நொறுங்கிக் கிடக்கும் குறுகலான கரை. அதற்குப் பின்னால் கடல்நீரைத் தடுக்கப் போட்ட மண்மேடு, அதற்கும் பின்னால் சேற்றில் வேர் ஊன்றிய பாக்காவ் மரக்காடு. பெண்கள் சவுக்கு மரங்களுக்கு அடியில் தேநீர் கொதிக்கவைத்துக்கொண்டிருந்தார்கள். மதியத்தில் கடல்காற்று எழுந்தது. மாமா என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"பாப்பா, தூளியில ஆடுனது ஞாபகம் இருக்கா?"

"இருக்கு மாமா."

"இது அதே தூளிதான். கொஞ்சம் ஒசரம், அவ்வளவுதான் லா."

கோணிப்பையில் இரண்டு ஓட்டை போட்டு என் கால்களை நுழைத்தார். குடையின் கயிறுகளை அதில் முடிந்தார். துணியின் பின்பக்கத்தில் காற்று வெளியேறுவதற்கு ஒரு கிழிசல் முன்கூட்டியே விட்டிருந்தார், அதெல்லாம் திடலில் விழுந்து எழுந்து கற்ற பாடம். நீளக் கயிற்றை ஆறு ஆண்கள் பிடித்தார்கள். முதல் ஆள் மாமா, இரண்டாவது என் அப்பா. அப்பா அதிகம் பேசாதவர். "கெட்டியா புடிச்சுக்க" என்று மட்டும் சொன்னார். ஆறு பேரும் காற்றுக்கு எதிரே ஓடினார்கள். என் கால் தரையைத் தேடியது, தரை இல்லை.

எவ்வளவு உயரம் போனேன் என்று சரியாகச் சொல்ல முடியாது. சின்ன வயதில் நான் சொன்ன கதையில் அது மேகம் வரைக்கும் இருந்தது. இரண்டு தென்னை உயரம் என்று வைத்துக்கொள்ளலாம். ஆற்றின் மறுகரையில் பாசிர் பெனம்பாங் படகுகள் தெரிந்தன, குன்றின் மேல் கலங்கரை விளக்கு தெரிந்தது. கீழே எல்லோருடைய வாயும் திறந்திருந்தது. மண்டோர்கூடத் தொப்பியைக் கழற்றிப் பார்த்தார். என் வாழ்நாளில் அதுவரை யாரும் என்னை அப்படிப் பார்த்ததில்லை. எனக்குக் கர்வம் தலைக்கேறிவிட்டது.

அப்போதுதான் கடல் கறுத்தது. சுமத்ரா பக்கமிருந்து வரும் புயற்காற்று சொல்லிக்கொண்டு வருவதில்லை. ஒரே அடியில் குடை பின்னால் சரிந்து, நான் கரையைத் தாண்டிப் பாக்காவ் மரங்களின் மேலே போய்விட்டேன். கயிறு விறைத்து ரீங்காரமிட்டது. இரண்டு பேர் கையை விட்டுவிட்டார்கள். அப்பா விழுந்தார், விழுந்தும் விடாமல் வயிற்றால் இழுபட்டுக்கொண்டே வந்தார். மாமா குதிகாலை மண்ணில் ஊன்றிப் பின்னால் சாய்ந்திருந்தார். கோணிப்பை ஒரு பக்கமாகச் சாய, நான் கயிற்றைக் கட்டிக்கொண்டு அழுதேன். என் செருப்பு ஒன்று கழன்று விழுந்தது, அது விழுந்துகொண்டே இருந்தது போல எனக்குத் தோன்றியது.

மண்மேட்டின் மேல் காக்கி உடுப்பில் மூன்று பேர் வருவதை அந்த உயரத்திலிருந்து நான்தான் முதலில் பார்த்தேன். ரோந்துக்காரர்கள். அவர்கள் கண்ணுக்குத் தெரிந்தது காட்டுக்கு மேலே ஆடும் ஒரு பெரிய வெள்ளைத் துணி. இருவர் சட்டென்று குனிந்தார்கள். மூன்றாமவன், மிகவும் இளைஞன், மண்டியிட்டு எதையோ தோளில் வைத்து என்னை நோக்கி நீட்டினான். எல்லோரும் நின்று பார்க்கும்போது இவன் ஒருவன் மண்டியிட்டுப் பார்க்கிறானே என்று, அழுகைக்கு நடுவிலும் எனக்குக் கொஞ்சம் பெருமையாக இருந்தது.

சவுக்கு மரங்களுக்குள்ளிருந்து அம்மா ஓடிவந்தாள். சேலையை முழங்காலுக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினாள். எனக்காகத்தான் வருகிறாள் என்று, "அம்மா! அம்மா!" என்று கத்தினேன். அவள் கயிற்றுப் பக்கம் வரவில்லை. என்னை அண்ணாந்தும் பார்க்கவில்லை. நேரே மண்மேட்டில் ஏறி அந்த இளைஞனிடம் போய் நின்றுகொண்டாள். எனக்குத் தெரிந்ததெல்லாம் அவள் முதுகு. ஏதோ சொல்கிறாள், சொல்லிக்கொண்டே இருக்கிறாள். நான் இங்கே செத்துக்கொண்டிருக்கிறேன், இவள் போலீஸ்காரனோடு பேசிக்கொண்டு நிற்கிறாள்.

மழை இறங்கியதும் காற்று தளர்ந்தது. நான் மரங்களை உரசிக்கொண்டு சேற்றில் விழுந்தேன். அப்பா இடுப்பளவு சேற்றில் வந்து தூக்கினார். அவர் சட்டை இல்லாமல் இருந்தார், வயிற்றுத் தோலும் சரியாக இல்லை. மாமாவின் உள்ளங்கைகள் இரண்டும் பச்சை ரணம். அந்தக் கையாலேயே குடைத்துணியை மடிக்கச் சொன்னார்கள். மடித்ததும் அவரையும் துணியையும் கூட்டிக்கொண்டு போனார்கள். போகும்போது என்னைத் திரும்பிப் பார்த்து, "எப்படி பாப்பா இருந்துச்சு?" என்றார்.

"நல்லா இருந்துச்சு மாமா" என்றேன். பொய்தான், ஆனால் அவருக்கு அது தேவை என்று தெரிந்தது.

தோட்டத்து வாசலில் மறுபடி தலை எண்ணினார்கள். முப்பத்தொன்று. குறைந்த ஒருவருக்காக மண்டோர் மழையில் நெடுநேரம் பதில் சொல்லிக்கொண்டு நின்றார்.

மாமா மூன்று வாரம் கழித்துத் திரும்பினார். மெலிந்திருந்தார். அதற்குப் பிறகு அவர் எதையும் இன்னொன்றாக மாற்றவில்லை. சைக்கிள் டியூப் சைக்கிள் டியூப்பாகவே கிடந்தது. எனக்கோ எல்லாம் தெளிவாகிவிட்டது. அம்மா ஓடினாள், போலீஸிடம் பேசினாள், போலீஸ் மாமாவைப் பிடித்துக்கொண்டு போனது. காட்டிக்கொடுத்தது அவள்தான். பள்ளிக்கூடத்தில் என் சிநேகிதிகளிடம் இப்படித்தான் சொன்னேன். வளர்ந்த பிறகு வாயால் சொல்லவில்லை, ஆனால் மனதிலிருந்து அதை எடுக்கவுமில்லை. கல்யாணமாகி வந்தபின்னும் மாமாவுக்குத்தான் முதலில் கடிதம் எழுதுவேன்.

அம்மா இறந்து பதினாறாம் நாள் காரியம் முடிந்த மதியம். ஏதோ பேச்சில், "அம்மா உங்களப் புடிச்சுக் குடுக்காம இருந்திருந்தா..." என்று மாமாவிடம் ஆரம்பித்தேன். மாமா என்னை ஏதோ புதிய ஆளைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

"யாரு சொன்னா? ஒங்கம்மாவா புடிச்சுக் குடுத்துச்சு? அந்தப் பையன் விசையில வெரல வச்சுட்டான் பாப்பா. ஒன்ன ஆளுன்னே நெனக்கல, காட்டுக்காரனுக்கு எவனோ கொடி காட்டுறான்னு நெனச்சுட்டான். அக்கா போயி அந்தத் துப்பாக்கிக் குழலு இருக்குல்ல, அத ரெண்டு கையாலயும் புடிச்சு எறக்கி, தன் நெஞ்சுல வச்சு அழுத்திக்கிச்சு. மலாய் பாஷையே தெரியாது அதுக்கு. சந்தையில கேட்டுக் கேட்டு ரெண்டு வார்த்த தெரியும். 'அனாக் சாயா, அனாக் சாயா.' எம் புள்ள, எம் புள்ளன்னு. அதையே சொல்லிக்கிட்டு நின்னுச்சு. நீ கீழ எறங்குற வரைக்கும் கைய எடுக்கல."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா ராத்திரி பயந்து கத்துவேன்னு வேணாம்னுடுச்சு. அப்பறம் எல்லாருக்கும் பழகிப்போச்சு."

நான் வெட்கப்பட்டேன். இன்றும் வெட்கப்படுகிறேன். மன்னிப்புக் கேட்க ஆள் இல்லாத வெட்கம் அது.

நான் பறந்த அன்று கடற்கரையிலிருந்து திரும்பும் வழியில், லோரியில், நான் அம்மாவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன். அவள் என் தலையிலிருந்த சேற்றை விரலால் கோதி எடுத்துக்கொண்டே வந்தாள். நான் தலையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டு திரும்பியபோது, அவள் ரவிக்கையில் நெஞ்சுக்கு நேரே எண்ணெய்க் கறையாக ஒரு சின்னக் கருப்பு வட்டம் இருந்தது. லோரியில் எங்கோ இடித்துக்கொண்டாள் என்று விட்டுவிட்டேன். பிறகு எத்தனையோ முறை அவள் அந்த ரவிக்கையைச் சோப்புப் போட்டுக் கசக்கினாள், வட்டம் போகவே இல்லை.

"எல்லாரும் என்னப் பாத்தாங்க. நீ மட்டும் ஏம்மா பாக்கல?" என்று கேட்டேன்.

அம்மா மறுபடி என் தலைச் சேற்றைக் கோதினாள். மழை லோரிப் பலகையில் கொட்டிக்கொண்டிருந்தது. "வெயில் கண்ணுல அடிச்சுச்சு பாப்பா" என்றாள்.

அவள் பொய் சொல்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது. ஏன் என்று தெரியவில்லை.