இரண்டாம் இடம் கேட்ட அக்கா

எங்கள் ஊர்ப்பக்கம் லாரி வாங்கினால் அதன் நெற்றியில் வீட்டுப் பிள்ளையின் பெயரை எழுதுவார்கள். பெரியப்பா, அப்பா, சித்தப்பா மூவரும் கூட்டாக வாங்கிய லாரி, நாமக்கல்லில் பாடி கட்டி முடிந்து பெயிண்டருக்காக நின்றது. வீட்டிலோ பிள்ளைகள் இரண்டு பேர்: பெரியப்பா மகளான அக்காவும் நானும். குஜராத்வரைக்கும் போகப்போகிற லாரி. அதில் என் பெயர்தான் என்று பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லிவிட்டிருந்தேன். இல்லையென்று ஆனால் எப்படித் தலைகாட்டுவது?

பெரியவர்கள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்ள ஆரம்பித்ததும் சித்தப்பா ஒரு வழி சொன்னார். குடியரசுத் தலைவரையே இப்படித்தான் தேர்ந்தெடுக்கிறார்களாம். வீட்டிலிருக்கும் எட்டுப் பேரும் ஆளுக்கொரு சீட்டில், பிடித்த பெயரை முதலாவதாகவும் அடுத்ததை இரண்டாவதாகவும் எழுத வேண்டும். எந்தப் பெயரும் எழுதலாம். பாதிக்கு மேல் யாருக்கும் முதலிடம் கிடைக்காவிட்டால், குறைவாக வாங்கிய பெயரை நீக்கிவிட்டு, அந்தச் சீட்டுகளை அவற்றில் இரண்டாவதாக உள்ள பெயருக்கு மாற்றிவிடுவார்கள்.

என் காதில் முதலிடம் மட்டும்தான் விழுந்தது. அப்பா, அம்மா, நான் என்று எங்கள் பக்கம் மூன்று ஓட்டு. பெரியப்பா பக்கமும் மூன்று. பாக்கி சித்தப்பாவும், வெண்ணந்தூரிலிருந்து கல்யாணமாகி வந்து கொஞ்ச நாளே ஆன சித்தியும். சித்தப்பாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு கேட்டேன். ஆகட்டும் என்று தலையாட்டினார். இரண்டு ஓட்டும் வந்துவிட்ட மாதிரி வெளியே குதித்தோடினேன்.

அக்கா மட்டும் அடுப்படிக்குப் போய் நின்றாள். ஜன்னல் வழியாக அவள் பேச்சு என் காதில் விழுந்தது.

"உங்களுக்கு என்ன பேரு புடிக்குமோ அத மொதல்ல எழுதுங்க சித்தி. ரெண்டாவதா என் பேர எழுதுனாப் போதுங்க."

இரண்டாம் இடத்துக்குப் போய்க் கெஞ்சுகிறாளே என்று எனக்குச் சிரிப்பு வந்தது.

எண்ணினார்கள். அக்காவுக்கு மூன்று, எனக்கு மூன்று, சித்தியின் ஊர் மாரியம்மனுக்கு இரண்டு. அம்மனுக்கு விழுந்த இன்னொரு ஓட்டு யாருடையது என்று பார்த்தால், சித்தப்பாவுடையது. புது மாப்பிள்ளை சித்தியின் சீட்டைப் பார்த்து அப்படியே எழுதியிருந்தார். பெரியம்மா புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். அம்மனிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு அந்தப் பெயரை நீக்கினார்கள். இரண்டு சீட்டிலும் இரண்டாவதாக இருந்தது அக்காவின் பெயர்.

தரையில் புரண்டு அழுதேன். சித்திதான் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார்.

"உங்கக்கா எங்கிட்ட வந்து கேட்டா சாமி. நீ ஏங் கேக்குல?"

"அதான் சித்தப்பாகிட்டக் கேட்டனே."

சித்தி கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். அதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று எனக்கு அன்றைக்கு விளங்கவேயில்லை. நான் கல்யாணமாகிப் போன வீட்டில் கார் வாங்கியபோதுதான் விளங்கியது. என்ன கலர் எடுக்கலாம் என்று என் மாமனார் என் வீட்டுக்காரரிடம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார். அவரோ என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.