இயந்திர அறை ரேடியோ

கப்பலில் அவருக்கு ரேடியோ என்று பெயர். இயந்திர இரைச்சலுக்கு மேலே இருபது வருடம் கத்திக் கத்திப் பேசிய தொண்டை, வீட்டுக்கு வந்தாலும் அடங்காது. "உப்பு எங்கே?" என்று அவர் கேட்டால் பக்கத்து வீட்டுக்காரி எடுத்து நீட்டுவாள். சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்த மனிதர், எண்ணெய் துடைக்கும் ஆளாகக் கப்பலேறி, பம்புகளைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு உயர்ந்தார். வருடத்தில் இரண்டு மாதம்தான் வீடு. அந்த இரண்டு மாதமும் நன்றாக ஓடுகிற மின்விசிறியைக்கூடச் சும்மா விடமாட்டார். கழற்றி மாட்டினால் இரண்டு திருகு மிச்சமிருக்கும். "இதெல்லாம் தேவையே இல்லாத திருகு" என்பார். அவர் மனைவிக்குப் பற்றிக்கொண்டு வரும், சிரிப்பும் வரும்.

அவரைக் கடல் கொண்டுபோய் எட்டு மாதம். கம்பெனி கடிதத்தில் ஒரே வரி: கப்பலைக் கைவிடும்போது அழைத்தும் வரவில்லை. அடப்பாவிகளா, ஒரு மனிதனின் சாவை இப்படியா எழுதுவது! ஊர் வாய் சும்மா இருக்குமா? தூங்கிவிட்டார் என்றார்கள், பயத்தில் உறைந்துவிட்டார் என்றார்கள். அவளுக்கு அழுகையே வரவில்லை, கோபம்தான் வந்தது. கூப்பிட்டால் வரவேண்டியதுதானே? பெண்டாட்டி பிள்ளை நினைப்பே இல்லையா? அந்தக் கேள்வி அவளைத் தின்றுகொண்டிருந்தது.

பிழைத்தவர்கள் ஆளுக்கொரு கப்பலில் போய்விட்டார்கள். கால் உடைந்து ஆஸ்பத்திரியில் கிடந்த கப்பல் சமையல்காரர்தான் ஒரு மதியம் தேடி வந்தார்.

"அண்ணி, அவரைக் கூப்பிடப் போனது நான்தான். 'வரலை'ன்னு மேலே வந்து சொன்னதும் நான்தான். ஏன் வரலைன்னு எவனும் கேக்கலை, அதை மட்டும் எழுதிட்டாங்க."

"ஏன் வரலை?"

"கப்பலுக்குள்ள ஏறற தண்ணியை வெளியே தள்ளற பம்போட கைப்பிடி ரொம்ப நாளா நழுவும். எழுதிக் கொடுத்தா பெரிய இன்ஜினியர் குதிப்பாருன்னு கந்தல் துணியைச் செருகியே ஓட்டிட்டிருந்தாங்க. அன்னைக்குத் துணி நனைஞ்சு நிக்கலை. அண்ணன் கையாலயே அழுத்திப் பிடிச்சிட்டிருந்தாரு."

"விட்டுட்டு வரவேண்டியதுதானே!"

"பம்பு நின்னா கப்பல் சாஞ்சிடும் அண்ணி. சாஞ்சா படகை இறக்க முடியாது. 'போங்கடா, படகு தண்ணியைத் தொட்டதும் விசில் ஊதுங்க, வந்துடறேன்'னாரு. பதினோரு பேர் இறங்கினோம். ஊதினோம்."

"அப்புறம்?"

"வந்தாரு. மேல்தட்டுக்கு ஓடி வந்தாரு. குதிக்கறதுக்குக் கம்பியில ஒரு காலையும் வச்சுட்டாரு. அதுக்குள்ள ஒரு அலை, கப்பலே கவுந்துடுச்சு."

"வந்தாரா?"

"வந்தாரு அண்ணி. என் ரெண்டு கண்ணால பார்த்தேன்."

எட்டு மாத அழுகையும் ஒன்றாகக் கிளம்பியது. அவள் வாய்விட்டு அழுதாள். அழுகையோடு அழுகையாகச் சமையல்காரரின் கைகளைப் பிடித்துக்கொண்டாள்.

"நல்லா இருப்பீங்க தம்பி. இந்தக் காலோட வந்து சொன்னீங்களே, இது போதும் எனக்கு."

"நான் இருக்கறதே அவராலதான் அண்ணி. பதினோரு வீட்டுல அடுப்பு எரியுது."

அவர் ஊன்றுகோலை எடுத்தார். அவள் விடவில்லை.

"உக்காருங்க. பொண்ணு தையல் கடையிலேர்ந்து நாலு மணிக்கு வந்துடுவா. அவங்கப்பா வந்தாருன்னு அவகிட்டயும் ஒருதடவை சொல்லிட்டுப் போங்க."