பின் சில்லைப் பார்த்து ஓடிய சூசை

சூசை போய்விட்டான். காலையில் அவன் மகள் போன் பண்ணினாள். "அங்கிள், அப்பா இண்டைக்கு எழும்பேல்லை" என்றாள். அவ்வளவுதான்...

துறைமுகத்தில் என்னோடு வேலை செய்தவன். நான் கந்தோர் மேசையில், அவன் மூட்டை இறக்கும் இடத்தில். அவன் ஒரு காலத்தில் ஓட்டக்காரன் என்பது இளம் ஆட்களுக்குத் தெரியாது. தெரியவராமல் எங்கள் ஊர் பார்த்துக்கொண்டது.

எழுபதுகளின் நடுப்பகுதி. நிலாவெளியிலிருந்து திருகோணமலை டவுன் வரை ஒரு வீதியோட்டம் வைத்தார்கள். ஏறக்குறையப் பத்து மைல்.

முதலாவதாக வருபவனைத் துறைமுக அணிக்கு எடுப்பார்கள். அணிக்கு எடுத்தால் நிரந்தர வேலை. சூசையின் தகப்பனுக்கு நடக்க ஏலாது, வீட்டில் மூன்று தங்கச்சிமார். மற்றவர்களுக்கு அது பந்தயம். அவனுக்கு அது வேலைக்கான நேர்முகம், பத்து மைல் நீளத்தில்.

அரை மைல் ஓட்டத்தில் அவனை வெல்ல ஆளில்லை. பத்து மைல் வேறு கதை. அதற்கு அவனைத் தயார்படுத்தும் பொறுப்பை எங்கள் விளையாட்டுக் கழகம் அருளப்பு ஐயாவிடம் கொடுத்தது.

ஐயா கயிறிழுத்தல் கோச். கழகத்தில் விசிலும் சைக்கிளும் சொந்தமாக வைத்திருந்த ஒரே ஆள் என்பதால் தகுதி பற்றி யாரும் மேற்கொண்டு கேட்கவில்லை.

விடியப்புறம் ஐயா சைக்கிளில் முன்னால். சூசை வெறுங்காலோடு பின்னால்.

"என்ர பின் சில்லை விட்டுக் கண்ணை எடுக்கப்படாது. நான் மிதிச்சா நீ ஓடு. நான் பிரேக் பிடிச்சா நீ நில். விளங்குதோ?"

"ஓம் ஐயா."

ஐயா பாரமான மனிதர். கச்சான் காற்று எதிரே அடிக்கும் மாதங்களில் அவருடைய சைக்கிளை நடந்து போகிறவர்களே முந்துவார்கள். சூசை பின்னால் குதித்துக் குதித்து வருவான், கயிற்றில் கட்டிய கன்று மாதிரி. நடுவில் தண்ணீர் கிடையாது. குடித்தால் வயிறு குலுங்கும் என்பார் ஐயா.

ஒருநாள் சாம்பல்தீவுப் பாலத்தில் பொறுக்க முடியாமல் முந்திவிட்டான். நான் அன்று பாலத்தில் நின்று தூண்டில் போட்டுக்கொண்டிருந்தேன். விசில் ஊதியது. ஐயா சைக்கிளால் இறங்கி, மூச்சு வாங்கி முடியும்வரை அவனைப் பார்த்தார்.

"ஆர் கோச்? நானோ நீயோ?"

"நீங்கள்தான் ஐயா."

"அப்ப ஏன்ரா முன்னால போறாய்?"

"கால் தானாப் போகுது ஐயா."

"கால் போற இடமெல்லாம் நீயும் போறதே? வந்து பின்னால நில்."

வந்து நின்றான். அதற்குப் பிறகு ஒருநாளும் முந்தவில்லை.

பந்தயத்தன்று, ஓடுபவர்களோடு யாரும் சைக்கிளில் வரக்கூடாது என்று அறிவித்தார்கள். ஐயா அதைப் பெரிதாக எடுக்கவில்லை. முடிவிடத்து மேடையில், பிரதம விருந்தினருக்குப் பக்கத்தில், அவருக்கு ஒரு கதிரை கிடைத்திருந்தது.

நான் உப்புவெளியில் நின்றேன். சூசைதான் முதலில் வந்தான். அவனுக்குப் பின்னால் கண்ணுக்கெட்டிய தூரம் வரை ஒருவரும் இல்லை. முன்னாலும் ஒருவரும் இல்லை... வில்லங்கம் அங்கேதான். சந்தையில் தாயைத் தவறவிட்ட பிள்ளையின் முகத்தோடு ஓடிவந்தான்.

"அண்ணை, ஐயா எங்க?"

"மேடையில. நீ ஓடு தம்பி, கிட்டடியில ஒருத்தரும் இல்லை."

"எவ்வளவு வேகமாப் போறது?"

"ஏலுமான மட்டும் போடா" என்று கத்தினேன். அப்படி ஒரு வேகத்தை அவனுக்கு யாரும் பழக்கியிருக்கவில்லை.

அந்த நேரம் ஒழுங்கை ஒன்றுக்குள்ளிருந்து மீன்காரர் ஒருவர், பெட்டி கட்டிய சைக்கிளோடு வீதிக்கு ஏறினார். அறிவித்தல் அவருக்கு எட்டவில்லை. சூசையின் முகம் தெளிந்தது. போய்ச் சில்லுக்குப் பின்னால் சேர்ந்துகொண்டான்.

மீன்காரர் வியாபாரத்துக்கு ஏற்ற வேகத்தில் போனார். பின்னால் தூரத்தில் இரண்டு பேர் தெரியத் தொடங்கினார்கள். ஒரு வீட்டுப் படலையில் நின்ற அம்மா கை காட்டினார். மீன்காரர் பிரேக் பிடித்தார்.

சூசை நின்றான்.

நாங்கள் எல்லோரும் கத்தினோம். மீன்காரர் திரும்பிப் பார்த்து, "தம்பிக்கு என்ன மீன் வேணும்?" என்றார்.

அவன் சுதாரித்துக்கொண்டு பாய்வதற்குள் இரண்டு பேர் கடந்துவிட்டார்கள். துரத்தினான். ஒருவனைப் பிடித்தான். மற்றவனைப் பிடிக்க வீதி போதவில்லை.

மேடையில் அருளப்பு ஐயா மைக்கை வாங்கினார். "சூசையிட்ட நீங்கள் எல்லாரும் ஒழுக்கம் படிக்கவேணும். ஒருநாளும் என்ர சொல்லுக்கு வெளியில போகாத பெடியன்."

கைதட்டினார்கள். பொய் ஒன்றும் சொல்லவில்லையே.

வேலை முதலாவதாக வந்தவனுக்குப் போனது. சூசையைப் பிறகு நாட்கூலிக்குப் போட்டார்கள். கப்பல் வந்தால் வேலை, வராவிட்டால் வீடு. அவனை நிரந்தரமாக்கச் சொல்லி மேலிடத்தில் பல தடவை கதைத்தேன். "நல்ல பெடியன், பாப்பம்" என்றார்கள். பார்த்துக்கொண்டே ஒவ்வொருவராக ரிட்டையர் ஆனார்கள்.

ஒருமுறை கன்ரீனில் தேத்தண்ணி குடிக்கும்போது, "ஐயாவில உனக்குக் கோவம் இல்லையோ?" என்று கேட்டேன்.

"அவர் பாவம் அண்ணை. அந்தப் பாரத்தோட ஒவ்வொரு நாளும் மிதிச்சவர்."

அவனுக்கு வராத கோபம் எனக்கு வந்தது. இன்னும் போகவில்லை.

இன்று மத்தியானம் கழகத்தின் முகநூல் பக்கத்தில் அஞ்சலி போஸ்ரர் பார்த்தேன். சூசையின் படம். கீழே தடித்த எழுத்தில் "துறைமுகத்தின் முன்னாள் ஊழியர்".

போஸ்ரர் செய்த தம்பி இந்தக் கதை நடந்து பல வருசம் கழித்துப் பிறந்தவர். அவரைக் குற்றம் சொல்லவில்லை. ஆனால் ஊழியர் என்ற அந்த ஒரு சொல்லை ஒரு கடதாசியில் வாங்கத்தான் சூசை முப்பது வருசத்துக்கு மேல் மூட்டை சுமந்தான். உயிரோடு இருந்தபோது யாரும் எழுதிக் கொடுக்கவில்லை.

அடக்கம் நாளை பின்னேரம்.

போயிட்டு வா, சூசை...