என் வலது கால் பெருவிரல்

பெருவிரல் என்று ஒன்று இருப்பது மற்றவர்களுக்கு நகம் வெட்டும்போதுதான் ஞாபகம் வரும். எனக்கு அப்படியில்லை, என் சோறே அதில்தான் இருந்தது. எழுபதுகளில் தென்காசியிலிருந்து குற்றாலம் வழியாகச் செங்கோட்டை போகும் ஒரு தனியார் பஸ்ஸுக்கு நான் டிரைவர். செருப்பைக் கழற்றிச் சீட்டுக்கு அடியில் தள்ளிவிட்டு வெறுங்காலோடுதான் ஓட்டுவேன். ஆக்ஸிலேட்டரை எவ்வளவு மிதிக்கிறோம் என்பது வெறும் விரலுக்குத் தெரிகிற மாதிரி எந்தச் செருப்புக்கும் தெரியாது.

அந்த விரலில்தான் வந்தது வினை. லாரியில் கிளீனராக இருந்த காலத்தில் ஒருமுறை ஸ்டெப்னி டயர் கால்மேல் விழுந்தது. மஞ்சள் பற்றுப் போட்டு நாலு நாள் நொண்டியதோடு மறந்துபோனேன். முப்பத்தைந்து வயதைத் தாண்டியதும் விரலின் அடிமூட்டில் புளியங்கொட்டை அளவுக்கு ஒரு மேடு கிளம்பியது. விரல் பக்கத்து விரல்மேல் சாய்ந்தது. மேல்நோக்கி மடங்கவே மடங்காது. மடக்கினால் உயிர் போகும்.

டாக்டரிடம் போனேனா? போகவில்லை. குற்றாலத்தில் எண்ணெய் தேய்த்துவிடுகிறவரிடம் போனேன். வாராவாரம் அவர் விரலைப் பிடித்து ஒரு சொடக்கு எடுப்பார், நான் ஊளையிடுவேன். அப்புறம் போய் அருவிக்குள் காலை நீட்டிக்கொண்டு நிற்பேன். வெளியூர்க்காரன் அருவித் தண்ணீரை மருந்து என்று நம்பினால் பாவம், தெரியாமல் நம்புகிறான் எனலாம். அருவிக்கரையிலேயே பிறந்து வளர்ந்த எங்களுக்கு அந்தப் பைத்தியம் இன்னும் அதிகம்.

என் கண்டக்டர் செங்கோட்டைக்காரன். என்னைவிட ஏழெட்டு வயது இளையவன், ஆறு வருஷமாக ஒரே வண்டியில் இருந்தோம். நான் காலை ஓரமாகச் சாய்த்து, சுண்டுவிரல் பக்கத்தால் பெடலை மிதிக்க ஆரம்பித்ததை அவன்தான் முதலில் கண்டுபிடித்தான். ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னான். உன் வேலை டிக்கெட் கிழிப்பது, அதைப் பார் என்றேன். மறுபடியும் சொன்னான், மறுபடியும் திட்டு வாங்கினான். எனக்கு முன்கோபம் ஜாஸ்தி. அதைவிடப் பயம் ஜாஸ்தி. கத்தி வைத்த காலோடு எந்த முதலாளி டிரைவர் சீட்டில் உட்கார வைப்பான்?

அது நல்ல சீசன். சாரல் விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. குற்றாலத்தில் ஆட்களை இறக்கிவிட்டுத் திரும்புகிற வளைவில், ஈரத் துணியோடு வந்த கூட்டத்திலிருந்து ஒரு பெண் குழந்தை குறுக்கே ஓடியது. காலைப் பிரேக்குக்கு மாற்றினேன். விரலில் ஊசி ஏற்றினாற்போல் ஒரு வலி, ஓரத்தால் மிதித்த கால் ஈரப் பெடலில் வழுக்கியது. ஹேண்ட் பிரேக்கை எப்படி இழுத்தேனோ, எந்தச் சாமி இழுக்க வைத்ததோ. வண்டி நின்றபோது குழந்தைக்கும் பம்பருக்கும் நடுவில் ஒரு சாண் இருந்தது.

கண்டக்டர் குதித்து இறங்கிக் குழந்தையைத் தூக்கித் தாயிடம் கொடுத்தான். திரும்பி வந்து படியில் நின்றான். நான் கியர் போட்டுவிட்டு விசிலுக்காகக் காத்திருந்தேன். இரண்டு விசில் கேட்காமல் வண்டியை எடுக்கிறவன் டிரைவரே இல்லை, எங்கள் தொழிலில் அது சத்தியம் மாதிரி. விசில் வரவில்லை. ஹாரன் அடித்தேன், அப்போதும் வரவில்லை. திரும்பி, "ஏலே, ரைட் குடுலே" என்றேன்.

"குடுக்க மாட்டேன் அண்ணாச்சி. இறங்குங்க."

அத்தனை பயணிகள் முன்னால். வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன், அவன் அப்பன் ஆத்தாளையும் விடவில்லை. அவன் ஆட்களைப் பின்னால் வந்த பஸ்ஸில் ஏற்றிவிட்டான். எதிர்க்கடைக்குப் போய் முதலாளிக்குப் போன் செய்து என் காலின் கதை முழுவதையும் சொன்னான். என் பிழைப்பில் மண்ணைப் போட்டுவிட்டான் என்றுதான் நினைத்தேன். அன்றிலிருந்து அவனோடு பேச்சை விட்டேன்.

முதலாளி என்னை வீட்டுக்கு அனுப்பவில்லை, திருநெல்வேலியில் ஓர் எலும்பு டாக்டரிடம் அனுப்பினார். அவர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் காட்டினார். மூட்டுக்குள் இருக்கும் குருத்தெலும்பு பாதிக்குமேல் தேய்ந்துவிட்டது, எலும்போடு எலும்பு உரசி மேலே முளைவிட்டிருக்கிறது, சொடக்கு எடுத்தது எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றியது போல என்றார். பிரேக் லைனிங் தேய்ந்த வண்டியை ஓட்டினால் என்ன ஆகும் என்று எனக்கே விளங்கியது. மூட்டை அசையாமல் சேர்த்துவிடலாம், அல்லது முளையைச் செதுக்கிவிட்டு விரலை நேராக்கிப் பார்க்கலாம் என்றார். எதைச் செய்வது என்று முடிவெடுக்குமுன் என்னை நாற்காலியில் உட்கார வைத்தார். இரண்டு டப்பாக்களைக் காலடியில் சாய்த்து வைத்து, "பஸ் ஓட்டிக் காட்டுங்க" என்றார். வெட்கத்தோடு ஓட்டினேன். தரையில் குனிந்து என் விரல் எப்படி வேலை செய்கிறது என்று பார்த்தாரே, அந்த மனுஷனை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். விரல் அசைந்தால்தான் பெடல் பிடிபடும், அதனால் செதுக்குவது என்று முடிவாயிற்று.

தையல் பிரித்த பிறகு தினமும் வெந்நீரில் காலை வைத்து விரலை மடக்கி நிமிர்த்தச் சொன்னார். மடக்கினேன், அழுதேன், மறுபடி மடக்கினேன். விரல் முழுதாக மடங்கவில்லை, இன்றும் இல்லை. ஆனால் மிதிக்கும், தூக்கும், மாற்றி வைக்கும். டாக்டர் ஓட்டலாம் என்று எழுதிக் கொடுத்தார். மூன்று மாதம் கழித்து முதலாளி பழைய வண்டியையே கொடுத்தார்.

வேலைக்குப் போன முதல் நாள், தென்காசி பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் கண்டக்டர் நின்றிருந்தான். நானாகப் போய் வாய் திறந்தேன். ஊர் சிரிக்கச் செய்தாயே, தனியாகச் சொல்லக்கூடாதா என்று கேட்டேன்.

"தனியாச் சொன்னேன், கேட்டியளா?" என்றான். எனக்கொரு டீ வாங்கி ஆற்றிக்கொண்டே சொன்னான், "அன்னைக்கு அந்தப் பிள்ள மேல வண்டி ஏறியிருந்தா, அது ஒரேயடியாப் போயிருக்கும். நீங்க தெனமும் செத்திருப்பிய. ஒங்கள எனக்குத் தெரியும்லா."

மூன்று மாதமாக அவன் என் பிழைப்பைக் கெடுத்தான் என்று வீட்டில் சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறேன். என்னைத் திட்ட விட்டு, அத்தனையும் வாங்கிக்கொண்டு, என்னைக் காப்பாற்றியிருக்கிறான். பஸ் ஸ்டாண்ட் என்றும் பாராமல் அவன் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதேன். டீ ஆறிவிடும், குடியுங்கள் என்றான்.