வட்டமும் மாவட்டமும்

அண்ணனூரில் கோதண்டத்தைப் பெயர் சொல்லிக் கூப்பிடுபவர் யாரும் இல்லை. கட்சியின் வட்டச் செயலாளர் என்பதால் எல்லோருக்கும் அவர் ‘வட்டம்’. தெருவிளக்கு எரிய, தண்ணீர் லாரி வர, பள்ளியில் இடம் கிடைக்க அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த நாலு தெருவுக்கு அவர்தான் ராஜா. ஆனால் அந்த ராஜாவுக்கு மேலே ஒரு சக்கரவர்த்தி இருந்தார். மாவட்டச் செயலாளர், சுருக்கமாக ‘மாவட்டம்’. அவர் போனில் கூப்பிட்டால் வட்டம் சாப்பாட்டிலிருந்துகூட எழுந்து நின்றுதான் பேசுவார்.

கூட்டத்துக்கு ஆள் பிடிப்பது, பிறந்தநாளுக்குப் பேனர் கட்டுவது என்று வருடக்கணக்காகக் கப்பம் கட்டியாயிற்று. பதிலுக்குக் கோதண்டம் கேட்டது ஒன்றே ஒன்று. மகள் கிருஷ்ணப்பிரியாவின் கல்யாணத்தில் மாவட்டம் தாலி எடுத்துக் கொடுக்க வேண்டும்.

ஆவடி மண்டபத்தில் எல்லாம் தயார், மாவட்டத்தைத் தவிர. “தோ, வந்துகினே கீறோம்” என்று அவருடைய டிரைவர் போனில் சொல்லிக்கொண்டே இருந்தான். முகூர்த்தம் முடியப்போகிறது. ஐயர் மந்திரத்தை இழுத்து இழுத்துப் பார்த்து ஓய்ந்தார். கோதண்டம் வாசலுக்கும் மேடைக்குமாக அல்லாடினார். என்ன ஜென்மம் இது! பெற்ற மகளின் கல்யாணத்தில் ‘ஆகட்டும்’ என்று சொல்ல வாய் இல்லை. கடைசியில் மனைவி முத்தம்மாள்தான் பொறுக்கமாட்டாமல் “கெட்டிமேளம்!” என்று கத்தினாள். தாலி ஏறியது.

பந்தி பாதி நடக்கும்போது மாவட்டம் வந்து மேடை ஏறினார்.

“இன்னாய்யா வட்டம், நான் வரதுக்குள்ள முடிச்சிட்டியா? சரி, தாலிய கழட்டச் சொல்லு. நான் எடுத்துக் குடுக்குறேன், மாப்ள இன்னொரு தபா கட்டட்டும். போட்டோ வோணும்ல?”

கட்டிய தாலியைக் கழற்றுவதா? கோதண்டத்துக்கு ரத்தம் தலைக்கேறியது. ஆனால் வாயில் வந்தது வேறு.

“கண்ணு... ஒரே ஒரு நிமிஷம்மா...”

கிருஷ்ணப்பிரியா தாலியை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

“கழட்டணும்னா உன் தோள்ல கீற கட்சித் துண்ட கழட்டு நைனா” என்றாள், மாவட்டத்தின் காதில் விழும்படியே. மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு மேடையை விட்டு இறங்கினாள்.

கோதண்டம் துண்டை எடுத்தார். முகத்தைத் துடைத்தார். மாவட்டம் பார்த்துக்கொண்டே இருந்தார். துண்டு மறுபடி தோளுக்கே போனது.

“சின்னப் பொண்ணு, மனசுல வெச்சிக்காதீங்கண்ணே” என்று குனிந்தார்.

மாலையில் மாப்பிள்ளை வீட்டுக்குக் கிளம்பும்போது கிருஷ்ணப்பிரியா அம்மாவின் காலில் மட்டும் விழுந்து கும்பிட்டாள்.