வாய்க்கு லீவு விட்ட அம்சவள்ளி

"ஏன்டி, இன்னாடி பண்ற வூட்ல? பொழுது விடிஞ்சி பல்லக் காட்டுது, இன்னும் கெளம்பலியா?" என்று அம்சவள்ளி போனில் ஆரம்பித்துவிட்டால், அதற்கு மேல் சோரியாங்குப்பத்தில் யாரும் தூங்க முடியாது. நடவுக்கு ஆள் கூட்டுவது அவள் வேலை. போன் சும்மா ஒரு கௌரவத்துக்கு; அது இல்லாவிட்டாலும் அந்தக் குரல் அடுத்த தெருவுக்குப் போய்ச் சேர்ந்துவிடும்.

வயலில் இறங்கினாலும் வாய் ஓயாது. மருமகள் குழம்பில் புளியைக் கொட்டிய கதை, பாகூர் பஸ்ஸில் எவளோ இவள் சீட்டைப் பிடித்த கதை என்று, நாற்றை ஊன்றுகிற வேகத்தில் கதையையும் ஊன்றிக்கொண்டே போவாள். கேட்டுக்கொண்டே நடுகிறவர்களுக்கு இடுப்பு வலி தெரியாது.

அவள் கண்ணில் புரை விழுந்திருப்பது ஒரு கொக்கால்தான் வெளியே தெரிந்தது. வரப்போரம் வெள்ளையாக ஏதோ நிற்பதைப் பார்த்து, "ஏய் வெண்ணிலா, எல்லாரும் குனிஞ்சிகினு கீறாங்க, நீ மட்டும் இன்னாடி மகாராணியாட்டம் நிக்கிற?" என்று அதட்டினாள்.

"அக்கா, நான் உன் பின்னால கீறன். அது கொக்கு!"

வயலே சேற்றில் உட்கார்ந்து சிரித்தது. அம்சவள்ளியும்தான் சிரித்தாள். ஆனால் நடவு வரிசை கோணினால் கண்டுபிடித்துச் சத்தம் போட வேண்டியவள் அவள். கண் தெரியாதவளை நம்பி யார் வயலைக் கொடுப்பார்கள்?

கண் ஆஸ்பத்திரிக்குப் போனால் இரண்டு தடவையும் திருப்பி அனுப்பிவிட்டார்கள். பிரஷர் ஏறிக் கிடக்கிறதாம், இறங்கினால்தான் ஆபரேஷனாம். மாத்திரையைத் தவறாமல் விழுங்கினாள். உப்பைக் குறைத்தாள். உயிராக இருந்த கருவாட்டையும் விட்டாள். பிரஷர் அசையவில்லை.

சுகாதார நிலையத்தில் நர்ஸ் ரீட்டா பிரஷர் பார்க்கக் கையில் பட்டையைச் சுற்றும்போதெல்லாம், "பேசாதிங்கம்மா" என்பாள். "சரி, பேசல. இத மட்டும் கேளு" என்று அம்சவள்ளி ஒரு கதையை எடுப்பாள். ரீட்டா உபசாரத்துக்குச் சொல்கிறாள் என்று நினைப்பு. ஒருத்தி நம் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது உம்மென்று இருந்தால் அவள் என்ன நினைத்துக்கொள்வாள்?

ஒருநாள் வாய் நிறைய வெற்றிலையோடு போய்விட்டாள். அப்போதுதான் தரை துடைத்திருந்தார்கள், துப்பவும் வழியில்லை. கன்னம் உப்ப உட்கார்ந்திருந்தாள். எண் இறங்கியிருந்ததை நம்பாமல் ரீட்டா மெஷினைத் தட்டிப் பார்த்தாள். மறுபடி அளந்தாள். பிறகு, "போய்த் துப்பிட்டு வந்து, இப்ப எவ்ளோ வேணா பேசுங்க" என்று சொல்லி அளந்தாள். மருமகள் கதை பாதி வருவதற்குள் எண் மளமளவென்று ஏறியது.

"பாத்திங்களா? மாத்திரைக்கு எறங்கினத வாய் ஏத்தி உடுது."

"அடிப்பாவி! உப்ப உட்டன், கருவாட்ட உட்டன். இப்ப வாயையும் உடணுமா?"

"அளக்கும்போது உட்டாப் போதும். அதுக்கு முந்தி கொஞ்ச நேரம் சும்மா குந்தணும். தெனம் பழகினா நல்லது."

மறுநாள் மதியச் சோறு முடிந்ததும் வரப்பில் எல்லோரையும் உட்காரவைத்து, "கொஞ்ச நேரம் ஒருத்தியும் வாயத் தொறக்கக் கூடாது" என்றாள்.

"இன்னாக்கா, வாய்க்கு லீவா?" என்று மகாலட்சுமி கேட்டதும் சிரிப்பு பொங்கியது. அது அடங்க அடங்க, மோட்டார் தண்ணீர் வாய்க்காலில் விழுகிற சத்தம் தனியாகக் கேட்டது. யாருடைய மூச்சோ கேட்டது. இறுக்கிப் பிடித்திருந்த தோள்கள் தாமாக இறங்கின. வெண்ணிலா உட்கார்ந்தபடியே தூங்கிப்போனாள். எழுந்தபோது அம்சவள்ளி தன் தலையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, "உள்ள ஓடிகினு இருந்த ரைஸ்மில்லு நின்னாப்பல கீதுடி" என்றாள். அதன்பிறகு அவள் மறந்தாலும் மற்றவர்கள் லீவைக் கேட்டு வாங்கினார்கள்.

வீட்டிலும் அது தொற்றிக்கொண்டது. மருமகள் செல்வகுமாரி சுருக்கென்று எதையாவது சொன்னால், அம்சவள்ளி உடனே திருப்பிக் கொடுக்காமல் கொஞ்சம் சும்மா இருந்தாள். அதற்குள் என்ன திருப்பிக் கொடுக்க நினைத்தோம் என்பதே மறந்துபோயிற்று. படுத்தால் தூக்கமும் வந்தது. செல்வகுமாரிதான் பயந்துவிட்டாள். "அத்த, ஒடம்பு கிடம்பு சரியில்லியா?"

மூன்றாவது தடவை கண் ஆஸ்பத்திரிக்கு அந்த மருமகளே கூட வந்தாள். பட்டையைச் சுற்றிக்கொண்டே அங்கிருந்த நர்ஸ், "எந்த ஊரும்மா நீங்க?" என்று அன்பாகக் கேட்டாள். இதைவிடப் பெரிய சோதனை உண்டா? அம்சவள்ளி முந்தானை நுனியைப் பல்லால் கடித்துக்கொண்டு மின்விசிறியைப் பார்த்தாள். கால் கட்டைவிரல் மட்டும் தரையில் தவித்தது. மெஷின் கூவி நின்றது.

"நல்லா எறங்கியிருக்குது. ஆபரேஷன் பண்ணிடலாம். உள்ள போறதுக்கு முந்தி இன்னொரு வாட்டி பாப்பாங்க, அவ்ளோதான்" என்ற நர்ஸ், குரலைத் தணித்துச் செல்வகுமாரியிடம் கேட்டாள்: "பாவம், பொறந்ததுலேர்ந்தே பேச்சு வராதா இவங்களுக்கு?"

செல்வகுமாரி சிரிப்பு முட்ட வாயைத் திறந்தாள். அம்சவள்ளி அவள் தொடையில் நறுக்கென்று ஒரு கிள்ளு கிள்ளிவிட்டு, நர்ஸைப் பார்த்து ஆமாம் என்று பரிதாபமாகத் தலையாட்டினாள்.